கதவைத் தட்டிய மந்திரி

அன்புள்ள பிரைடி,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். தாடை உடைந்திருப்பதால் போனில் பேச முடியாது.

தொகுதியில் ஒரு சாவு வீட்டையும் நான் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். இருபது வருஷம் மந்திரியாக இருப்பது சும்மாவா? பேப்பரில் மரண அறிவிப்பைப் பார்த்து டிரைவர் கூட்டிப்போவான். நான் போய்க் கைகொடுப்பேன். நேற்று மலையடியில் ஒரு வீடு. கதவைத் தட்டி உள்ளே போனேன். மூத்த மகனைப் பறிகொடுத்த கிழவி ஹனோராவின் கையைப் பிடித்து, "ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றேன், வழக்கம்போல.

அவள் கையை விடவில்லை. "போன தடவ கதவ உதைச்சுக்கிட்டுல்ல வந்தீங்க?" என்றாள்.

அப்போதுதான் அந்த அடுப்பங்கரை அடையாளம் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், உள்நாட்டுப் போரின் கடைசி மாதம். அந்த மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவள் புருஷனை முகத்திலேயே மூன்று முறை சுட்டேன். அன்று எங்கள் படை புகுந்த நான்காவது வீடு அது. உன்னிடம் சொன்னதில்லை; நீயும் கேட்டதில்லை.

அண்ணனுக்குக் குழி வெட்டிவிட்டு வந்த இளைய மகன், மண்வெட்டியாலேயே என் தாடையில் அடித்தான். மறுபடி ஓங்கியபோது கிழவிதான் தடுத்தாள்.

"விடுடா! நம்ம வீடுன்னு தெரிஞ்சா வந்திருப்பானா? சுட்டதையே மறந்துட்டாண்டா!"

பனியில் வழுக்கி விழுந்ததாகப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ மட்டும் அதை நம்பாதே.

உன் கணவன்