மரியதாஸ் அண்ணாச்சிக்குக் கேட்ட மருந்து

என் உயிரான தம்பி அருளுக்கு,

மரியதாஸ் அண்ணாச்சிக்குக் கல்லீரல் கட்டி சுருங்கிவிட்டது. உனக்கு வந்த அதே புற்றுநோய்தான். குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவியது. உனக்கு ஏற்றிய அதே மருந்தைத்தான் அவருக்கும் ஏற்றினார்கள். உனக்குக் கேட்கவில்லை, எங்களை விட்டுப் போய்விட்டாய்; அவருக்குக் கேட்டிருக்கிறது.

திரேஸ்புரத்தில் நாம் கருவாட்டுக் கடை போட்ட நாளிலிருந்து எதிர்க்கடையில் உட்கார்ந்து போட்டி போட்ட மனுஷன். சேதி கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் பொய் சொல்வானேன்? ஞாயிறு பூசையில் அவர் இருந்த பக்கம் திரும்பக்கூட மனசு வரவில்லை. அவருக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

நேற்று அவர் மனைவி, நம் மைனி, கடைக்கு வந்து அழுதார். கட்டி சுருங்கியதால் இப்போது அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம், மிச்ச ஈரல் வளர்ந்துகொள்ளும், விட்டுவைத்தால் நோய் திரும்பிவிடும் என்றாராம் டாக்டர். இவரோ, மருந்திலேயே குணமாகிவிட்டது, கத்தி எதற்கு என்கிறாராம். நான் சொன்னால் கேட்பாராம்.

'இனி வெட்டலாம்' என்ற ஒரு சொல்லுக்காக ஸ்கேன் அறை வாசலில் எவ்வளவு காத்துக் கிடந்தேன்! உனக்கு அது வரவே இல்லை. இவருக்கு வந்திருக்கிறது, வேண்டாம் என்கிறார். அந்த ஆத்திரத்தோடுதான் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பயம் கத்தி மேல் இல்லை.

"நான் போயி படுத்துட்டா, என் கேரளா யாவாரிய எல்லாம் நீதானளா இழுத்துக்கிடுவ?"

"ஆமா, இழுப்பேன். நீங்க செத்தா மொத்தமா இழுப்பேன். எது வசதி அண்ணாச்சி?"

மைனி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"எந்தம்பிக்குக் கத்தி வைக்க வழியில்லன்னுட்டாவ. ஒங்களுக்கு வழி கெடச்சிருக்கு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. போயி ஆஸ்பத்திரில சேருங்க."

அப்புறம் வியாபாரிதானே, பேரத்துக்கு வந்தார்.

வயிற்றெரிச்சல் அடங்கியதா என்று கேட்காதே. அவர் எழுந்து நடமாடும்போது இன்னும் எரியும். ஆனாலும் பேசியதை மீறமாட்டேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

பேசியது இதுதான்: திங்கட்கிழமை அவர் மதுரையில் சேர வேண்டும்; வெட்டிய பிறகும் டாக்டர் சொல்லும் மருந்தை முழுக்க ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் திரும்பி வந்து கடையில் உட்காரும்வரை அவர் சரக்கு அவர் பெயரிலேயே என் லாரியில் போகும்; அவருடைய வியாபாரி ஒருவரையும் நான் தொடமாட்டேன். உட்கார்ந்த மறுநாளிலிருந்து பழையபடி போட்டி.

உன் கூடப்பிறந்த அக்கா,
ஜெசிந்தா