இரண்டு லெட்சுமிகளும் உன் சிவப்பு மையும்

நல்லா இருக்கியா என்று கேட்டால் நீ சிரிப்பாய், என் கூட்டாளி பர்ஹானா. இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. சொல்லும்படி ஒரு சேதி இல்லாமல் உன் முன்னால் வந்து நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது சேதி இருக்கிறது. நாம ஜெயிச்சிட்டோம்டி.

நான் கம்ப்யூட்டருக்குப் பயந்தவள் என்பது உன்னைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியாது. நீ பண்டாரவளையில் உங்கள் வாப்பாவின் துணிக்கடையில் பில் அடித்து விரல் பழகிய பிள்ளை. நான் தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து தாதியர் கல்லூரிக்கு வந்தவள். கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் உன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவேன். எனக்கும் சேர்த்து நீயே தட்டுவாய்.

பிறகு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை, ஒரே பெண்கள் வார்டு. நீ வேலைக்கு நடுவே ஆன்லைனில் அந்த டிப்ளோமாவில் சேர்ந்தாய். நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் எப்படி வைப்பது, அதை வைத்து தாதி வேலையை எப்படிச் செய்வது என்று ஏதேதோ படித்தாய்.

"ஒரு நாளைக்கு நாம எழுதுற இந்தக் கொப்பியெல்லாம் போயிடும் தெய்வானை. அன்னைக்கு நீ என்ன செய்வாய்?" என்று கேட்டாய்.

"அன்னைக்கு நான் பென்ஷன்ல போயிடுவேன்" என்றேன்.

அந்த நாள் வந்தபோது நான் வார்டில் இருந்தேன். நீ இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வார்டுக்கு இரண்டு கம்ப்யூட்டரும் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற டேப் ஒன்றும் வந்தன. பேரை அடித்தால் அந்த ஆளின் பழைய கிளினிக் விவரம் எல்லாம் வரும் என்றார்கள். நான் முடிந்தவரை ஒதுங்கியே இருந்தேன். இளம் தாதிகள் அடிப்பார்கள், நான் கட்டுப் போடுவேன்.

அப்படி ஒரு காலையில் கால் வீங்கி, காய்ச்சலோடு ஒரு அம்மா வந்தார். பேர் பெருமாள் லெட்சுமி. கொழுந்து எடுக்கிறவர். பதிவு செய்த பிள்ளை பேரை அடித்தாள். அதே தோட்டம், அதே வயது, விவரமும் வந்துவிட்டது. சீனி வருத்தம் உண்டு, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று திரை சொன்னது. டொக்டர் அதைப் பார்த்துப் பென்சிலின் வகை ஊசி ஒன்று எழுதினார். அதைப் போட என்னை அனுப்பினார்கள்.

உனக்குத் தெரியும், எனக்குச் சும்மா ஊசி போட வராது. பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் போடுவேன்.

"சீனி எத்தனை வருஷமா இருக்குங்கம்மா?"

"எனக்கா? எனக்குச் சீனி இல்லீங்களே மிஸ்ஸி. அது கீழ் டிவிஷன் லெட்சுமிக்கு. நான் மேல் டிவிஷன்."

என் கை நின்றுவிட்டது.

"ஏதாச்சும் ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?"

"ஒருக்கா ஊசி போட்டு மூச்சே அடைச்சிருச்சுங்க. இதே ஆஸ்பத்திரியிலதான். எழுதிக் குடுத்திருக்காங்க. கொப்பிய யாரும் கேக்கல, அதான் நானும் காட்டல."

தலையணைக்குக் கீழே இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே பழைய கிளினிக் கொப்பி. முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் டொக்டரின் குறிப்பு. அதற்குக் கீழே சிவப்பு மையில், தமிழில், கொட்டை எழுத்தில் மூன்று வரி. 'இவருக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. மூச்சு அடைக்கும். யாராக இருந்தாலும் போடுவதற்கு முன் இவரிடம் கேளுங்கள்.'

உன் கையெழுத்து, பர்ஹானா. நீ போடுகிற அந்தச் சுழித்த 'ஆ'வை எனக்குத் தெரியாதா?

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அந்த அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் உடனே வந்து மருந்தை மாற்றினார். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதியது?" என்று கேட்டார். சொன்னேன்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். பதிவு செய்த பிள்ளை கவனமில்லாமல் ஆளை மாற்றி எடுத்துவிட்டாள், இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று பேச்சு அதோடு முடிகிற மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். நான் கூட்டங்களில் வாய் திறக்காதவள் அல்லவா? அன்றைக்கு எழுந்து நின்றேன்.

"அவ மேல தப்பில்லைங்க. எங்க தோட்டத்துல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க. ஆளைப் பிரிச்சுச் சொல்றது டிவிஷனும் லயத்து நம்பரும்தான். அதை எழுத இந்தத் திரையில இடமே இல்ல. இடமில்லாத இடத்துல யாரு அடிச்சாலும் இப்படித்தான் ஆகும்."

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான நுவன் என்கிற சிங்களத் தம்பி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, எனக்குக் காட்டுங்க" என்றார். அடுத்த கிளினிக் நாளில் என்னோடு வாசலில் நின்றார். வருகிறவர்களின் பேரை நான் கேட்கக் கேட்க அவர் எழுதினார். பகல் சாப்பாட்டுக்குள் இன்னும் ஒரு பெருமாள் லெட்சுமி வந்துவிட்டார். அவர் பேரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தார்கள்.

நுவன் பேனாவை மூடினார். "நான் பேர் மட்டும் பார்த்தேன் அக்கா. ஆளைப் பார்க்கல்ல."

அதற்குப் பிறகு அவரும் நானும் எத்தனை நாள் உட்கார்ந்தோம் தெரியுமா? திரையில் தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர், தாய் தகப்பன் பேர், ஒரு போட்டோ எல்லாவற்றுக்கும் இடம் வந்தது. பேரைத் தமிழிலும் அடிக்கலாம். ஆகாத மருந்து எது என்று நோயாளியிடம் வாயால் கேட்டுப் பதிந்தால்தான் அடுத்த பக்கமே திறக்கும். ஆகாத மருந்து இருந்தால் மூன்று மொழியிலும் சிவப்பில் முதலில் வந்து நிற்கும். மேல் டிவிஷன் லெட்சுமியின் விவரத்தை நானே அடித்தேன். ஒரு விரலால்தான். உன் மூன்று வரியையும் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். மூன்று மாதத்துக்கு முன் அதே லெட்சுமி கொழுந்து எடுக்கிற இடத்தில் சறுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு நினைவு போய்விட்டது. நேராகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். புருஷன் பதற்றத்தில் கொப்பியையும் எடுக்கவில்லை, அடையாள அட்டையையும் எடுக்கவில்லை. பேர், மேல் டிவிஷன், லயத்து நம்பர், இவ்வளவுதான் அவர் வாயில் வந்தது. அங்கேயும் இப்போது நம்ம திரைதான், அங்கிருந்த தாதி அதை அடித்தார். ஒரே ஒரு லெட்சுமி, போட்டோவோடு வந்தார். அவர் தலைக்கு மேலே சிவப்பில் நீ.

அந்த அம்மா பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

பதிந்தவர் என்று திரையில் என் பேரைப் பார்த்து, பதுளைத் தாதி எனக்குப் போன் எடுத்தார். "அந்த மூணு வரி இல்லாட்டி அந்த ஊசிதான் போட்டிருப்போம் சிஸ்டர். யார் எழுதினது?"

"என் கூட்டாளி."

"அவங்க நம்பரைத் தாங்களேன். ஒரு நன்றி சொல்லணும்."

மண்ணுக்குள் இருக்கிற உனக்கு ஏது நம்பர்? "நானே சொல்லிடுறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த நன்றியைத்தான் இப்போது கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கொள்.

இன்னும் கேள். நீ பாதியில் விட்ட அதே டிப்ளோமாவில் நான் சேர்ந்தேன். இந்த வயதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மைக்கை மூடத் தெரியாமல் குக்கர் விசிலை வகுப்பு முழுக்கக் கேட்க விட்டிருக்கிறேன். முதல் பரீட்சையில் தோற்றேன். உன் நோட்டுகளை உன் உம்மா எடுத்துத் தந்தார். அதைப் படித்து இரண்டாம் தடவை பாஸ். ரிசல்ட்டைப் போனில் பார்த்தது வெலிமடை பஸ்ஸில். பக்கத்தில் லீக்ஸ் மூட்டையோடு இருந்த அம்மா நான் அழுவதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் போத்தலை நீட்டினார்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் தாதி மாணவிகளுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். சிலர் நேரில் இருப்பார்கள், சிலர் திரையில். மருந்துப் பெட்டியைத் திறக்க முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் "திரையை" என்பார்கள். அப்போது உன் கதையைச் சொல்வேன். பாடம் முடிகிறபோது அவர்களே, "முதல்ல ஆளைக் கேக்கணும், அப்புறம் திரை" என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்னைப் போல யாரும் ஒட்டிக்கொண்டு உட்காருவதில்லை. என்னைவிட வேகமாக அடிக்கிறார்கள், எனக்கே பிழை திருத்துகிறார்கள். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா?

கடைசியாக அப்ரா. உன் மகள் உன் உயரத்துக்கு வந்துவிட்டாள். அவளைத் தாதியாகப் பார்க்க வேண்டும் என்று நீ என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரத்தத்தப் பார்த்தா மயக்கம் வருது சாச்சி. எனக்கு வரையத்தான் புடிக்கும். உம்மா கோவிப்பாங்களா?" என்றாள்.

நீ கோபிப்பாயா? உனக்காக நானே பதில் சொல்லிவிட்டேன். கோபிக்க மாட்டாய் என்று.

அவளை நான் வெள்ளைச் சட்டைக்குள் தள்ள மாட்டேன், பர்ஹானா. யாரையும் தள்ளவும் விட மாட்டேன். அவள் வரைகிறதை முதலில் பார்க்கிற ஆளாக இருப்பேன். நீ கேட்டது வேறு, நான் கொடுக்கிற வாக்கு இது.

உன் பிள்ளைக்குச் சாச்சியான
தெய்வானை