பூத்தில் கத்திச் சொன்ன பாஸ்வேர்டு

ஜூன் 2006, செவ்வாய்.

இணையத்தில் நாங்கள் நடத்தும் வீடியோ சேனலில் முனியம்மாக்கா பேசியதைக் காணவில்லை. உப்பளத்து மேஸ்திரி தனக்கு வேண்டியவர்களைத்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார் என்று அக்கா துணிந்து சொன்ன வீடியோ. யாரோ உள்ளே போய் அழித்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு சேனலை நடத்தும் எங்கள் மூவருக்கும், அதாவது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் குமாருக்கும்தான் தெரியும்.

பிரவுசிங் சென்டரில் எல்லார் முன்னாலும் குமாரைப் பிடித்துக்கொண்டேன். "டேய், யார்கிட்டடா சொன்ன?"

"என்னையே சந்தேகப்படுறியாக்கா?" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்து படுத்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. போன வாரம் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து கிளியனூருக்குப் போன் போட்டு, ஸ்டெல்லாவுக்குச் சேனல் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். லைன் சரியில்லை என்று கத்தினேன். பின்னால் காத்திருந்தவர் அந்த மேஸ்திரிதான். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, பாவம் அந்தப் பொண்ணுக்குக் கேக்கல போலருக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாளைக்கு அக்காவை வேலைக்குக் கூப்பிடுவாரா?

புதுப் பாஸ்வேர்டைக் குமாரின் காதோடு சொல்லிவிடலாம். மன்னிப்பை அப்படிக் கேட்க முடியாது. அதே பிரவுசிங் சென்டரில், எல்லார் முன்னாலும், பூத்தில் கத்திய அதே சத்தத்தில் கேட்க வேண்டும்.