உங்கள் வீட்டுப் புகைபோக்கிக்குள் குழாய் இறக்கிய நாள்

பாசமுள்ள மரியதாஸ் அண்ணை,

இதை எழுதத் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் மாசியில் போனீர்கள். வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது என்றார்கள். இடைப்பட்ட மூன்று மாதமும் என் தலைக்குள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று உங்கள் மனுசி ரீற்றா அக்காவிடம் கேட்டால் அவவுக்கும் குழப்பம்.

உங்கள் செத்தவீடு முடிந்த மறுநாளே அக்கா ரீவிக்கு முன்னால் இருந்துவிட்டா. வன்னிக்குள் அகப்பட்ட தாயும் தம்பியும் உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்ல ஆளில்லை. இணையத்தில் வருகிற படங்களைக் கொம்பியூட்டரில் பெரிதாக்கி, சனத்துக்குள் தாயின் முகத்தைத் தேடுவா. உங்களுக்காக அழுகிறாவா, அவர்களுக்காக அழுகிறாவா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அதோடு தலையிடி தொடங்கியது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவா. ஒருநாள் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவ திடீரென்று, "அவர் வேலையால வந்திட்டாரோ?" என்று கேட்டா. உங்களைத்தான் கேட்டா. வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். துயரம்தான் காரணம் என்று நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். நானும் நம்பினேன். ஆர்தான் நம்பமாட்டார்கள்?

சித்திரையில் இங்கேயிருந்து பஸ் பிடித்து எங்கள் சனமெல்லாம், சண்டையை நிறுத்தக் கேட்டு நடந்த கோப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போனது. அக்காவும் வந்தா. இரண்டு நாள் குளிருக்குள் பதாகையோடு நின்றா. ரண்டர்ஸுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"நேசன், சொல்ல வெக்கமாக் கிடக்கு. இந்த ரெண்டு நாளும் எனக்குத் தலையிடி இல்லை. அங்க சனம் சாகுது, எனக்கு இஞ்ச சுகமா இருக்கு."

நான் அதற்கும் ஏதோ ஆறுதல் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் நிரோஷா தட்டைத் தள்ளிவைத்தாள். தனக்கும் தலையிடிக்குது, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரப்பாக்குது என்று வழக்கம்போல டெனிஷில் சொன்னாள். பள்ளிக்கூடம் போனால் பத்து மணிக்கெல்லாம் மாறிவிடுமாம். வீட்டுக்கு வந்தால் திரும்பப் பிடிக்குமாம்.

"வீட்டில இருக்க இவளுக்கு விருப்பமில்லை, அதுதான்," என்றா அக்கா.

என் கையில் பிடித்த சோறு அப்படியே நின்றது; பஸ்ஸில் அக்கா சொன்னதும் நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடமாக இந்த நாட்டில் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்குகிற கேஸ் பொய்லர் பூட்டுகிறவன் நான், அண்ணை. குசினிக்குப் பின்னாலுள்ள சின்ன அறைக்குப் போனேன். பொய்லரின் புகை வெளியேறுகிற வாய்க்குப் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்தேன். உடனே ஆவி மூடியது. மேலே போகவேண்டிய புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. வாகனத்திலிருந்து நச்சுவாயு அளக்கிற மீற்றரைக் கொண்டுவந்தேன். மணமுமில்லாத நிறமுமில்லாத காபன் மொனொக்சைட் நஞ்சு உங்கள் வீடு முழுக்க இருந்தது.

பொய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, இரண்டு பேரையும் சாப்பிட்ட கையோடு வெளியே இழுத்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு முகத்தில் ஒட்சிசன் பூட்டினார்கள். "துக்கமெண்டெல்லோ நினைச்சன்," என்று அக்கா அந்த முகமூடிக்குள்ளால் திரும்பத் திரும்பச் சொன்னா.

உங்களுக்கும் தலையிடி இருந்ததல்லவா, அண்ணை? நத்தார்ப் பண்டிகைக்கு நான் வந்தபோது துவாயால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். பிறஷர் என்றீர்கள். மாரடைப்பு என்றுதான் ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருந்தது, தொழிற்சாலையில் இரவு வேலையும் இருந்தது. பிறகு ஒரு வைத்தியரிடம் கேட்டேன். இனிமேல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். உங்களைக் கொண்டுபோனது இதயமா, இந்தப் புகையா?

நான் ஏன் இதைக் கிளறுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "நேசன், சிமினிச் சுவரெல்லாம் ஈரமாக் கிடக்கு. உள்ளுக்குக் குழாய் இறக்கோணும் எண்டு சொல்லினம். ஒருக்கா வந்து பாரன்." நான் என்ன சொன்னேன்? "பனிக்குள்ள கூரை வழுக்கும் அண்ணை. கோடைக்குச் செய்வம்." அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

வைகாசியில் புகைபோக்கிக்குள் இறக்குகிற குழாய் வந்து சேர்ந்தது. துருப்பிடிக்காத உருக்கில் செய்த, வளையக்கூடிய நீளக் குழாய். அது வரும்வரை அக்காவும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்துதான் குளித்தார்கள். என்னோடு வேலை செய்கிற கார்ஸ்டன் லீவு போட்டுவிட்டு உதவிக்கு வந்தான். முதலில் கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி விட்டுப் பார்த்தோம். இரண்டு மீற்றரில் தட்டியது. காகம் கட்டிய கூடு. அதற்குக் கீழே பழைய சாந்து கரைந்து விழுந்த செங்கல். நிலக்கரி அடுப்புக்குக் கட்டிய அகலமான புகைபோக்கி அது. கேஸ் புகை அவ்வளவு சூடில்லாதது. அதற்குள் குளிர்ந்து தண்ணீராகிக் கல்லை அரித்திருக்கிறது. கூட்டின் குச்சிகள் புதிதாக இருந்தன, நீங்கள் போன பிறகு இந்த வசந்தத்தில் வைத்ததுபோல. கல் எப்போது விழுந்தது? மாசிக்கு முன்னரா, பின்னரா? விழுந்த கல்லொன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கார்ஸ்டன் அதை என் கையிலிருந்து வாங்கி வாளிக்குள் போட்டான்.

எல்லாவற்றையும் வழித்துத் துப்பரவாக்கிய பிறகு, குழாயின் நுனிக்குக் கூம்பு பூட்டி, கயிறு கட்டி இறக்கத் தொடங்கினோம். மேலிருந்து நாங்கள் இருவரும் விட, கீழிருந்து ஒருவர் கயிற்றை நிதானமாக இழுக்கவேண்டும். தான் இழுக்கிறதாக அக்கா சொன்னா. பாதிக் குழாய் உள்ளே போனபோது என் ரெலிபோன் அடித்தது. சில்க்போர்க் நகரத்திலிருந்து என் மச்சான்.

"முடிஞ்சுதாம் நேசன். எல்லாம் முடிஞ்சுதாம்."

என்ன முடிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கூரையில் நல்ல வெயில். கீழே தெருவில் ஒரு மனுசி நாயோடு போனா. சந்தோசப்படுகிறவர்கள் எங்கோ இருப்பார்கள், சாகிறவர்களும் எங்கோ இருப்பார்கள், நான் ரண்டர்ஸில் ஒரு கூரையில் குழாயைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறேன். நிறுத்துவோமா என்று கார்ஸ்டன் கேட்டான். இறங்கிப்போய் அக்காவிடம் சொல்வதா, இதை முடிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அப்போது கீழிருந்து கயிறு மெல்ல இழுபட்டது. நான் குழாயைத் தொடர்ந்து உள்ளே இறக்கினேன்.

கீழே போனபோது அக்கா கயிற்றைக் கையில் சுற்றியபடி நிலத்தில் இருந்தா. முகமெல்லாம் கரி. அறைக்குள் ரீவி ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியுமோ அக்கா?"

"ஓம். நீர் மேல ஏறக்குள்ளயே சொல்லிப்போட்டாங்கள்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"கூரையில நிக்கிற ஆளுக்கு என்னண்டு சொல்லுறது?" என்றா.

கீழ்முனையைப் பொய்லரோடு பொருத்தி, மேலே மூடியும் தொப்பியும் போட்டு, அதிகாரம் பெற்ற ஆள் வந்து பார்த்த பிறகு பற்றவைத்தோம். கைக்கண்ணாடியைப் பிடித்தேன். ஆவி படியவில்லை. அக்காவுக்குத் தலையிடி அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் அழுகை நிற்கவில்லை. நஞ்சு எடுத்தது எவ்வளவு, துக்கம் எடுத்தது எவ்வளவு என்று இப்போதாவது தெரியும் என நினைத்தேன். தெரியவில்லை.

அக்காவின் தம்பி வவுனியா முகாமொன்றில் இருக்கிறான். கடிதம் வந்தது. தாயைப் பற்றி ஒருவர் கண்டேன் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். பூசையில் நோயாளிகளுக்காகவா, இறந்தவர்களுக்காகவா தாயின் பெயரை வாசிப்பது என்று பாதர் கேட்டார். "பேரை மட்டும் வாசியுங்கோ பாதர்," என்றா அக்கா.

போன கிழமைதான் எனக்குத் துணிவு வந்தது. ஐப்பசியில் நீங்கள் கேட்டதையும் நான் தள்ளிப்போட்டதையும் அக்காவிடம் சொன்னேன். திட்டுவா, இல்லாவிட்டால் வெளியே போகச் சொல்லுவா என்று நினைத்தேன்.

"கடைசிக் கிழமை அவர் தலையிடிக்குது எண்டு ஜன்னலைத் திறக்கப் போனவர்," என்றா. "வீடு குளிருது, பூட்டுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

நிரோஷா பள்ளியால் வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

எங்கள் சனத்தில் கேஸ் பொய்லர் வைத்திருக்கிற வீடுகளுக்கு இப்போது மீற்றரோடு போய்வருகிறேன். குளிர் முடியட்டும் என்று ஒருவருக்கும் சொல்வதில்லை. எங்கள் இருவரின் கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் சொல்லப்போவதில்லை. ஆனபடியால் இதை மட்டும் வாக்காகத் தருகிறேன்: அந்தக் கேள்வியோடு அக்காவைத் தனியே இருக்க விடமாட்டேன்.

கூடப் பிறக்காமலே உங்கள் தம்பியானவன்,
நேசன்
ரண்டர்ஸ்