சொண்டில் குளிர் வந்த சனிக்கிழமை

இன்று காலை மருந்தகத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தபோது மெந்தோல் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. கண் கலங்கிவிட்டது. "களிம்பு காரமோ டொக்டர்?" என்று மருந்து கலக்கும் பெண் கேட்டாள். காரம்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அழுகையை முந்திக்கொண்டு சிரிப்புத்தான் வந்தது. பெண்ணே, என்ன ஓட்டம் ஓடினோம் அன்றைக்கு!

மருத்துவபீடத்தில் நமக்கு இரண்டாம் வருடம். போர்க்காலம். மின்சாரம் இல்லை, கடதாசி இல்லை, கொழும்பிலிருந்து புத்தகமும் வராது. நம்மிடம் இருந்தது தடித்த மருத்துவச் சொல்லகராதி ஒன்றே ஒன்று. அதன் கட்டை அவிழ்த்து, எழுத்து வாரியாகப் பிரித்து, ஏழு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். வாரத்துக்கு ஒருமுறை கட்டுகள் சைக்கிளில் வீடு மாறும். 'எம்' எழுத்துக் கட்டில் ஒரு தாள் உனக்கு உயிர். மனநோய்ச் சொற்கள், நாடி என்று நாம் சொல்லும் மோவாயின் எலும்பும் நரம்பும், புதினாவிலிருந்து எடுக்கும் மெந்தோல், எல்லாம் 'மென்ட்' என்றே தொடங்கி அந்த ஒரே தாளில் அடுத்தடுத்து வரும். "எடி, மூண்டு பேரும் ஒரு வீட்டிலை குடியிருக்கினம், ஒண்டுக்கொண்டு சொந்தமில்லை" என்று துள்ளினாய். அந்த வாரம் அந்தக் கட்டு நீர்வேலியில் என் வீட்டில் கிடந்தது.

சனிக்கிழமைகளில் நாமிருவரும் தெருவோரச் சிகிச்சை நிலையம் ஒன்றில் உதவிக்கு நிற்போம். டொக்டர் இல்லாத இடத்தில் மருந்தும் தையலும் பார்க்கும் அப்போதிக்கரி ஐயாதான் அங்கே எல்லாம். அன்று பத்து மணிபோல ஒருவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நாதஸ்வரக்காரர். சைக்கிளால் விழுந்து, இடப்பக்க நாடி பிளந்து, சட்டையெல்லாம் இரத்தம். வாத்தியத்துக்கு ஒரு கீறலும் இல்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். "பன்ரெண்டு நாளிலை தேர், ஐயா. சொண்டுக்கு ஒண்டும் வரக்கூடாது" என்று உதட்டைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டார்.

ஐயா போத்தலைத் தூக்கிப் பார்த்தார். வலி தெரியாமல் மரக்கச் செய்யும் விறைப்பு ஊசி மருந்து அடியில் கொஞ்சம்தான். காயத்தைச் சுற்றிப் போடக் காணாது. அப்போதுதான் நீ வாய் திறந்தாய். "ஐயா, நாடிக்கும் சொண்டுக்கும் போற நரம்பு எலும்பிலை ஒரு ஓட்டையாலைதான் வெளியிலை வருது. அந்த இடத்திலை போட்டா இது காணும்."

"எந்த இடம், பிள்ளை?"

நீ விழித்தாய். நானும் விழித்தேன். எந்தப் பல்லுக்கு நேரே என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. இடம் தெரியாமல் ஆழத் தையல் போட்டால் ஊசி அந்த நரம்பிலேயே ஏறலாம். ஏறினால் அந்த மனிதருக்குச் சொண்டு மரத்துப் போய்விடும், வாசிப்பு அதோடு சரி.

"எடி, நிண்டு பாக்காதை, ஓடு!" என்றாய்.

சைக்கிளில் வீட்டுக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம், எதிர்க்காற்று. செயின் இரண்டு தரம் கழன்றது. வாழைத்தோட்டத்தில் நின்ற அப்பா என்னைக் கண்டு என்னவோ ஏதோ என்று மண்வெட்டியோடு ஓடிவந்தார். அந்தத் தாளை மட்டும் உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பி மிதித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் களைத்ததே இல்லை.

படம் தெளிவாக இருந்தது. வேட்டைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவது பல், அதற்கு நேர் கீழே. நீ விரலால் தடவி இடம் காட்டினாய், ஐயா ஊசியைச் செலுத்தினார். பிறகு அந்த இடத்தை விலத்தியே ஒவ்வொரு தையலாகப் போட்டார். அந்த மனிதர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

தையல் முடிந்ததும் பஞ்சில் மெந்தோலைத் தொட்டு அவர் கீழ்ச்சொண்டின் வலப்பக்கம் வைத்தாய். "குளிருது" என்றார். இடப்பக்கம் வைத்தாய். "ஒண்டும் தெரியேல்லை, பிள்ளை. செத்துப்போச்சோ?"

"விறைப்பு விடேக்கை வரும், அண்ணை. பயப்பிடாதேங்கோ" என்றாய்.

மத்தியானமாகிவிட்டது. ஐயா சாப்பிடப் போனார். "வா, நாங்களும் போயிட்டு வருவம்" என்று நான் எழுந்தேன். "குத்தச் சொன்னது நாங்கள். விடுமட்டும் இருக்க வேணும்" என்றாய். எனக்குப் பசி, எரிச்சல், உன்னை அடிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் இருந்தேன். கால் மணிக்கு ஒருக்கால் நீ பஞ்சை வைப்பாய், அவர் தலையாட்டுவார். ஒரு மணி கழிந்தது. இரண்டு மணியும் கழிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் விரல்களால் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார்.

எத்தனையாவது தரம் என்று நினைவில்லை. பஞ்சு பட்டதும் கண்ணைத் திறந்தார்.

"ஓம்... ஓம், பிள்ளையள்! குளிருது! இஞ்சை, இஞ்சை குளிருது!"

அவர் அழுதார். நீ அவருக்கு முன்னாலேயே என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய். சாப்பிட்டுவிட்டு வந்த ஐயா, மூன்று பேருக்கும் ஒன்றாய்ப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று வாசலிலேயே நின்றுவிட்டார். தேரன்று சனத்துக்குள் நின்று அவர் வாசிப்பைக் கேட்டபோது உனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. நீயே ஊதியது போல நின்றாய்!

பிறகு நீ கடல் கடந்தாய், நான் இங்கேயே தங்கிவிட்டேன். உன் கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது சுடுகிறது, மறைக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு விறைப்பு ஊசி போட்டுவிட்டேன். தையல் முடிந்ததும் தாதி, "அடுத்த ஆளைக் கூப்பிடட்டோ டொக்டர்?" என்று கேட்பாள். நான் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்வேன்:

"பொறு பிள்ளை, இவருக்கு இன்னும் வரேல்லை."