டீயும் சாப்பாடுதான்

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நலமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, அதனால் அதைக் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த நோயாளிக்கு மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று நீ சொன்னதற்கு, ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டரிடம் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் பயிற்சியை முடிக்க விடமாட்டார்களாம். எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கூடாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி காரணத்தைக் கேள்.

போன வாரம் நடக்கவேண்டிய உன் அப்பாவின் குடலிறக்க ஆபரேஷன் நடக்கவில்லை. உனக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினார், சொல்கிறேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று நர்ஸிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதர், மேஜையில் படுத்தபிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா? மயக்கம் கொடுக்க வந்த டாக்டர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். அவளிடம், உங்க கேன்டீன் டீ பிரமாதம்மா என்று பாராட்டியிருக்கிறார். பால் போட்டதா என்று அவள் கேட்க, பால் இல்லாம அது என்ன டீ என்று இவர் சொல்ல, அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். டீ சாப்பாட்டில் சேராது என்பதுதான் உன் அப்பா பிறந்ததிலிருந்து கட்டிக்கொண்டு அழும் கொள்கை ஆயிற்றே.

பிறகு வராந்தாவில் ஒரே களேபரம். ஒரு டம்ளர் டீக்காக என் நாளே பாழாப்போச்சு என்று ஆபரேஷன் டாக்டர் கத்தினார். ஊசி போடுறவளுக்கு இவ்வளவு திமிரா என்று உன் அத்தை, தன் அண்ணனுக்காக, அவருக்கு மேல் கத்தினாள். அந்தப் பெண்ணின் குரல் நடுங்கவில்லை. மயங்கினப்புறம் வயித்துல இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து, இன்னிக்கு மயக்கம் குடுக்க மாட்டேன் என்றாள். உன்னையே நிறுத்தி வைத்துத் திட்டுவதுபோல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். உங்க நாள் போனா நாளைக்கு வரும், என் புருஷன் போனா வருவாரா, இந்தப் பொண்ணு சொல்றதுதான் சட்டம் என்றேன். அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது.

நேற்று அதே பெண்தான் மயக்கம் கொடுத்தாள். கடைசிவரை அவர் தலைமாட்டை விட்டு நகராமல், எழுப்பிப் பேசவைத்துவிட்டுத்தான் போனாளாம். கண் விழித்ததும் இவர் கேட்டது டீ.

ஊசி போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கிற வேலைதானே என்று உன் படிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இனி என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. பயிற்சியை நிறுத்துவோம் என்று மிரட்டினால் மிரட்டட்டும். மேலிடத்தில் புகார் கொடு, நான் வண்டியேறி வந்து அவர்கள் வாசலில் உட்காருகிறேன், எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் கல் மாதிரி தலையணையைத் தூக்கிப் போடு. எங்கள் ஆயுளையும் சேர்த்து நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. இன்று மன்னிப்பு எழுதினால், அடுத்த தடவை ஊசியைக் கீழே வைக்க உன் கை தயங்கும். அன்றைக்கு மேஜையில் படுத்திருப்பவரும் யாரோ ஒருத்திக்கு அப்பாதான்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் நிற்கும்
அம்மா