சரணத்தை மேலே ஏற்றிய வருடம்

என் எஸ்தரக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. எத்தனையோ காலைகளில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அலுவலக நேரம் வந்துவிடும், எழுந்துவிடுவேன். உண்மையில் நேரம் இல்லாமல் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதை எழுத வரவில்லை.

மலைமேல் செம்மேட்டில் நாம் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். தாலுகா அலுவலகத்தில் அதே மேசை, அதே சான்றிதழ் மனுக்கள். ஆஸ்பத்திரியில் உன் இடத்துக்குப் புது நர்ஸ் வந்துவிட்டார். நல்ல பெண்ணாகத் தெரிகிறார். நான்தான் இன்னும் போய்ப் பேசவில்லை.

வளப்பூர் நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களிடம் நீ சொல்வாயே: "மாருல சின்னக் கட்டி இருந்தாலும் ஒளிக்காம வந்து காட்டோணும். தெரிஞ்சுதுங்களா?" உன் கட்டியை மட்டும் ஏன் அத்தனை மாதம் ஒளித்தாய்? ஒரே வீட்டில் இருந்த என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். இருந்தாலும் கேள்வி போக மாட்டேன் என்கிறது.

இசைக் கல்லூரியில் படித்ததையும் நானே கீர்த்தனை எழுதி மெட்டமைப்பதையும் இந்த மலையில் யாரிடமும் நான் சொன்னதில்லை. நீதான் சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு வந்து நின்றாய். மாதா கோவில் பாடகர் குழுவில் பாடிப் பழகிய காது உனக்கு.

"யாரு மேல பாட்டு கண்ணு? முருகன் மேலயா?"

"மழை மேலக்கா."

"அப்பச் சரி. மழைன்னா நானும் பாடலாம்."

சகானா ராகத்தில் அமைந்த அந்த மழைக் கீர்த்தனையை முதலில் பாடியவள் நீ. மேல் ஷட்ஜமத்துக்குப் போனால் உன் குரல் உடைந்துவிடும். அதனால் சரணம் முழுவதையும் கீழேயே நடமாட வைத்தேன். உனக்காக இறக்கியதுதான், ஆனால் பாட்டுக்கும் அதுதான் சரியாக அமைந்தது. மழை விட்டபிறகு இலையிலிருந்து சொட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய்.

நீ போனபிறகு அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு அலைந்தேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி போவேன்; திரும்பும்போது அதற்கும் தெம்பு இருக்காது. ஒரு சபா செயலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "உயிரோட இருக்கறவங்க எழுதுன பாட்டை நம்ம ஜனங்க உக்காந்து கேக்க மாட்டாங்கம்மா." அன்று எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

கடைசியில் சேலத்துப் பாடகி ஒருவர் பாடிப் பார்த்தார். இரண்டு முறை பாடிவிட்டு நோட்டை மூடினார்.

"பாட்டு நல்லாருக்குங்க. ஆனா சரணம் கீழயே கெடக்குது. கடைசி வரியை மேல ஏத்திக் கொடுத்தீங்கன்னா அடுத்த மாசக் கச்சேரியில பாடிடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மாதக்கணக்காக ஒருவரும் என் பாட்டை ஏறெடுத்துப் பார்க்கவில்லை அக்கா. அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியது என்றேனே, அது இதுதான்.

கச்சேரிக்கு உன் அம்மாவையும் பேளுக்குறிச்சியிலிருந்து அழைத்துப் போயிருந்தேன். பாடகி அந்த வரியை மேலே கொண்டுபோய் நிறுத்தினார். கைதட்டினார்கள். என் பெயரைச் சொன்னார்கள், எழுந்து கும்பிட்டேன். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று தோன்றியது. கால்தான் வலித்தது.

திரும்பும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டியதும் உன் அம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசி மாசம் நம்மூட்டுல படுத்துட்டே எஸ்தரு இதைத்தான் பாடிட்டிருப்பா. அந்த எடத்துல இப்படிப் பாடலையே சாமி?"

"நாந்தான் மாத்திட்டனுங்கம்மா."

"நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்களே. அவளுக்கு அவ்வளவு மேல போகாது, பாவம்."

குறை சொல்வதாக நினைத்து அவர் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவரைப் பேளுக்குறிச்சியில் இறக்கிவிட்ட பிறகு, காரவள்ளி தாண்டி மலை ஏறும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் பாடகிக்குப் போன் செய்தேன். இனி பாடினால் முன்பு எழுதியபடியே பாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்படின்னா எனக்கு வேண்டாங்க, வேற பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். இப்போது அந்தப் பாட்டைப் பாட ஆள் இல்லை. நீ இருந்தால் திட்டியிருப்பாயோ, சரி என்றிருப்பாயோ?

இப்போது மிளகு பறிக்கிற காலம். வீட்டுக்காரர் வாசல் முழுக்கக் காயப்போட்டிருக்கிறார். வேறொரு ராகத்தில் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறேன். எந்த வரி வந்தாலும் பழக்கத்தில் கீழேயே நின்றுவிடுகிறது, நீ பாடுகிற அளவுக்கு. போன ஞாயிறு காலையில் மட்டும் ஒரு வரி மேலே போயிற்று. யாரும் ஏற்றச் சொல்லவில்லை, அதுவாகப் போயிற்று. அதை அடித்துவிடப் பென்சிலை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

உனக்கு வாக்குத் தருகிறேன் அக்கா. மழைப் பாட்டை இனி யார் கேட்டாலும் நீ பாடியபடியேதான் கொடுப்பேன். யாரும் கேட்காவிட்டால் அது அப்படியே இருக்கட்டும். புதுப் பாட்டை மட்டும் உனக்காகப் பிடித்து வைக்க மாட்டேன். நீ பாட முடியாத இடத்துக்கு அது போனால் போகட்டும். அப்படி எழுதிப் பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்.

உன் அம்மா வயிற்றில் பிறக்காத தங்கச்சி,
சுமதி